மையத்து நோட்டும் நம் நானாவும்

பொன்விழா மலருக்குச் சங்கத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க்குழு எங்களைக் கேட்டது. நாங்கள் செயலவையில் இருக்கும் இளைய கடைக்காரர்கள் நான்கு பேர். இன்னும் நாற்பதைத் தொடாதவர்கள். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு வாப்பாவின் கடையிலோ சொந்தக் கடையிலோ உட்கார்ந்திருப்பவர்கள். சரித்திரம் எழுதிப் பழக்கமில்லை. பழைய சங்கதி எதுவானாலும் "நானாவிடம் கேளுங்கள்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதே எங்கள் வழக்கம். இந்த முறை கேட்பதற்கு நானா இல்லை. அவர் வஃபாத்தாகி எட்டு மாதங்கள் ஆகின்றன.

நம் சங்கக் குடும்பங்களுக்கு நானா என்றால் யார் என்று விளக்க வேண்டியதில்லை. அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் நானாதான், பேரன் வயதுப் பிள்ளைகளுக்கும் நானாதான். மலரில் பெயரும் படமும் போடலாமா என்று அவர் வீட்டில் கேட்டோம். "இருந்தபோதே மேடைக்கு வராத மனிதர். பெயர் வேண்டாம் தம்பி, துஆ செய்யுங்கள், அது போதும்" என்றார் அவர் துணைவியார். அந்த வார்த்தைக்குக் கட்டுப்பட்டு இக்கட்டுரையில் நானா என்றே எழுதுகிறோம்.

அவர் எங்களிடம் விட்டுச்சென்றவை மூன்று நீள நோட்டுகள். சங்கத்தில் அவற்றுக்கு மையத்து நோட்டு என்று பெயர். ஆண்டறிக்கைகளில் தலைவர்கள், விருந்துகள், பரிசளிப்புகள் எல்லாம் இருக்கின்றன. சங்கம் எதற்காகப் பிறந்தது என்பது இந்த நோட்டுகளில்தான் இருக்கிறது. ஆகவே இவற்றை வைத்தே எங்களுக்குத் தெரிந்த வரலாற்றை எழுதுகிறோம்.

சபுராளிகளின் சிங்கப்பூர்

நம் மக்கள் இந்த ஊருக்கு வந்த கதை சங்கத்தைவிட மிகப் பழையது. 1819இல் ராஃபிள்ஸ் இங்கே வணிகத் தளம் அமைத்த சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரை முஸ்லிம்கள் வணிகர்களாகவும் படகுக்காரர்களாகவும் கூலிகளாகவும் வந்து சேர்ந்தார்கள். அவர்களைச் சூலியாக்கள் என்று அழைத்தார்கள். 1822இல் வகுக்கப்பட்ட நகரத் திட்டத்தில் சூலியா கம்பம் என்று அவர்களுக்கு ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. 1826இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் நிறுவப்பட்டது. 1827இல் தெலுக் ஆயரில் அல் அப்ரார் பள்ளிவாசல் எழுந்தது. முதலில் குடிசையாக இருந்ததால் நம்மவர்கள் அதைக் குச்சுப் பள்ளி என்றார்கள். இன்றும் அந்தப் பெயர் நிற்கிறது. அதே வீதியில் 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்கா கட்டப்பட்டது. இம்மூன்றும் 1974இல் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானா எங்களைத் தெலுக் ஆயருக்கு அழைத்துப்போனார். இப்போது சுற்றிலும் வானளாவிய கட்டடங்கள். கடலைத் தூர்ப்பதற்கு முன் அந்த வீதிதான் கரை. "இந்த இடத்தில் கால் வைத்து இறங்கியிருப்பார்கள் தம்பி, ஈரக் காலோடு பள்ளிக்குள் போயிருப்பார்கள்" என்று காட்டினார். பிறகு தர்காவின் முன் நின்று, "இங்கே யாரும் அடங்கியிருக்கவில்லை, தெரியுமா? நாகூரில் அடங்கியிருப்பவரை நினைத்து இங்கே கட்டினார்கள். சபுராளிக்கு நினைப்புதான் சொத்து" என்றார்.

சபுராளி என்ற சொல்லை இன்றைய பிள்ளைகள் கேட்டிருக்க மாட்டார்கள். பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போனவரை நம் ஊர்களில் அப்படித்தான் சொன்னார்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு இங்கே கடை மாடியில் பத்துப் பன்னிரண்டு பேராகத் தங்கியிருப்பார். பகலில் ஒருவர் படுத்தெழுந்த கட்டிலில் இரவில் இன்னொருவர் படுப்பார். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வருவார். இடையில் மௌத்தாகிவிட்டால்? உடன் தங்கியிருந்தவர்கள் துண்டை ஏந்திக் கடை கடையாகப் போய் வசூல் செய்து கஃபன் துணி வாங்குவார்கள். ஊருக்குத் தந்தி போகும். தந்தி கிடைக்கும்போது இங்கே நல்லடக்கம் முடிந்து ஒரு நாளாவது ஆகியிருக்கும்.

1910 முதல் முஸ்லிம்களின் மையவாடியாக இருந்த பிடடாரி நகரத்துக்குப் பக்கம். 1972இல் அது மூடப்பட்டது. அதன் பிறகு சுவா சூ காங்தான். அன்றைக்கு அது தீவின் மறுகோடி. விரைவுச்சாலைகள் இல்லாத காலம். மையத்தைக் கொண்டுபோக வண்டி வேண்டும், தொழ வருகிறவர்களைக் கூட்டிப்போகப் பேருந்து வேண்டும். துண்டேந்தும் வசூல் இதற்குப் போதாது என்ற நிலை வந்தபோதுதான், மாதம் இரண்டு வெள்ளி சந்தாவில் ஒரு நிதி வேண்டும் என்று நம் முன்னோர் கூடிப் பேசினார்கள். நம் சங்கம் பிறந்தது அந்தப் பேச்சில்தான் என்பார் நானா.

கோடு போட்ட பதிவுகள்

நானா பதின்ம வயதில் தம் வாப்பாவோடு கப்பலேறி வந்தவர். சேஞ்ச் அலியில் நாணயமாற்றுக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று தொழில் கற்றவர். எந்த நாட்டு நோட்டையும் விரலால் தடவியே சொல்லிவிடுவார். 1989இல் பழைய சேஞ்ச் அலி இடிக்கப்பட்டபோது கடை வேறிடம் போனது. அவரும் உடன் போனார். கடைசிவரை சொந்தக் கடை வைக்கவில்லை. ஆனால் சங்கப் பணத்தில் ஒரு காசு கணக்குப் பிசகியதில்லை.

நிதிக்குப் பொறுப்பாக அவரைப் போட்டபோது அவருக்கு முப்பது வயதுகூட இல்லை. இன்று எங்களுக்கு இருக்கும் வயதைவிடக் குறைவு. முதல் நோட்டின் முதல் ஆறு பக்கங்கள் பலருடைய கையெழுத்தில் இருக்கின்றன. சங்கம் தொடங்குவதற்கு முன் இங்கே இறந்துபோனவர்களின் பெயர்களை, மூத்தவர்களை உட்காரவைத்து நினைவிலிருந்து எழுதவைத்திருக்கிறார். ஏழாம் பக்கத்திலிருந்து அவர் கையெழுத்துதான்.

ஒவ்வொரு பதிவிலும் பெயர், தகப்பனார் பெயர், ஊர், தெரு, வேலை பார்த்த கடை, மௌத்தான நேரம், குளிப்பாட்டியவர்கள், கபர் எண் ஆகியவை இருக்கும். கடைசிக் கட்டத்தில் அவர் விட்டுச்சென்ற சாமான்கள். ஒரு பதிவில் இப்படி இருக்கிறது: டிரங்குப் பெட்டி ஒன்று, கைலி மூன்று, கைக்கடிகாரம் ஒன்று, அஞ்சலகச் சேமிப்பு வங்கிப் புத்தகம் ஒன்று, மகளுக்கு வாங்கிவைத்த சட்டைத்துணி இரண்டு கெஜம். சிதம்பரம் கப்பலில் ஊர் போகிறவரிடம் அவை ஒப்படைக்கப்பட்டன. சாமான்கள் வந்து சேர்ந்தன என்று வீட்டிலிருந்து கடிதம் வந்த பிறகுதான் நானா அந்தப் பதிவின் அடியில் சிவப்பு மையால் கோடு போடுவார். கபரில் வைத்துவிட்டு வந்ததோடு அவர் கணக்கு முடியாது. வீட்டார் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் முடியும்.

1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் தீப்பிடித்தது. அதன் பின் அந்தக் கப்பல் போக்குவரத்தும் நின்றது. அதற்கு முன்பே பலர் குடும்பத்தை இங்கே வரவழைத்துக் குடியுரிமை பெற்றுவிட்டார்கள். நோட்டிலும் அது தெரிகிறது. இரண்டாவது நோட்டில் "கடை மாடி" என்ற சொல் குறைந்து வீவக புளோக் எண்கள் வருகின்றன. சாமான்கள் கட்டத்தில் டிரங்குப் பெட்டி மறைந்து "மகனிடம் கொடுத்தோம்", "மனைவியிடம் கொடுத்தோம்" என்று வருகிறது. சபுராளிகளாக வந்தவர்கள் சிங்கப்பூரர்களாக ஆனதை இந்தக் கட்டத்திலேயே படித்துவிடலாம்.

பெயர் மட்டும் மிஞ்சியபோது

1998இல் அரசாங்கம் ஓர் அறிவிப்புச் செய்தது. நிலம் குறைந்த நாடு என்பதால் சுவா சூ காங்கில் ஒரு கபருக்குப் பதினைந்து ஆண்டுகளே தவணை. அதன் பின் எஞ்சியவை எடுக்கப்பட்டு, சமய முறைப்படி வேறிடத்தில் மறுபடி அடக்கம் செய்யப்படும். பிடடாரியில் இருந்த கபர்கள் 2001 முதல் 2006 வரையில் தோண்டியெடுக்கப்பட்டன. அங்கே முஸ்லிம் பகுதியில் மட்டும் சுமார் 68,000 கபர்கள் இருந்தன. இன்று உட்லீ நிலையத்தை ஒட்டி எழுந்திருக்கும் புதிய வீவக பேட்டை அந்த நிலம்தான்.

குடும்பம் இங்கே இருந்தவர்களைத் தேடி உறவினர்கள் போனார்கள். ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு இங்கே தனியாக இறந்த சபுராளிகளைத் தேடி யார் போவார்? நானா போனார். கடையில் விடுப்பு எடுத்துக்கொண்டு, முதல் நோட்டின் ஆறு பக்கங்களையும் நகலெடுத்து வைத்துக்கொண்டு போய்ப் பெயர் பெயராக ஒப்பிட்டார். ஒன்பது பேரை அடையாளம் கண்டார். ஊரில் இருந்த அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தொலைபேசியில் செய்தி சொன்னார். அறுபது ஆண்டுகளாகத் தம் பாட்டனார் சிங்கப்பூரில் எங்கே அடங்கியிருக்கிறார் என்று தெரியாமல் இருந்த ஒரு வீட்டார், அந்த அழைப்பு வந்த அன்று யாசீன் ஓதிச் சோறாக்கிப் போட்டார்களாம்.

2007 முதல் சுவா சூ காங்கில் கான்கிரீட் சட்டங்கள் பதித்த வரிசைக் கபர்கள் வந்தன. அடிப்பகுதி மண்ணாகவே இருக்கும். உடல் மண்ணில்தான் படும். சில மூத்தவர்களுக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. நானா அவர்களை நேரில் கூட்டிப்போய்க் காட்டினார். "மண் நமக்கு வாடகைக்குத்தான் தம்பி, பெயரை நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும்" என்று எங்களிடம் சொன்னது அப்போதுதான்.

எங்கள் தீர்மானம்

இனி எழுதப்போவது எங்களுக்குச் சுலபமானதல்ல. ஆனாலும் இதை விட்டுவிட்டு நானாவைப் பற்றி எழுதினால் அது பொய்யாகிவிடும்.

மாதச் சந்தா வசூலிக்க நானா ஒவ்வொரு வீடாகப் போவார். தோளில் ஒரு துணிப்பை, அதில் ரசீதுப் புத்தகமும் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஹேக்ஸ் மிட்டாயும். ஒரு வீட்டில் அரை மணி நேரம் உட்காருவார். ஐந்து வெள்ளிச் சந்தாவுக்கு இரண்டு வெள்ளி பஸ் காசா என்று நாங்கள் கேலி பேசியிருக்கிறோம்.

2020இல் கொவிட் கிருமித்தொற்று வந்தது. மார்ச் 13 முதல் பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. ஏப்ரல் 7 முதல் யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாத நிலை. இறுதிச் சடங்குகளில் ஒரு நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் கூடாது. அந்த மாதங்களில் சங்கத்தில் நால்வர் மௌத்தானார்கள். நானா வீட்டிலிருந்தே ஒவ்வொரு குடும்பத்துடனும் பேசி, என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று வழிகாட்டினார். சந்தாவுக்கு நாங்கள் பேநவ் ஏற்பாடு செய்தோம். உறுப்பினர் பட்டியலை எக்செலில் ஏற்றினோம். நிதி முன்பைவிட ஒழுங்காக வந்தது.

கட்டுப்பாடுகள் நீங்கிய பிறகு பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தோம். வீடு வீடாகச் சந்தா வசூலிப்பதை நிரந்தரமாக நிறுத்திவிடலாம். நானாவுக்கும் எழுபது தாண்டிவிட்டது, அலைய வேண்டாம். நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தோம். பெரும்பான்மையில் நிறைவேறியது. நானா எதிர்த்துப் பேசவில்லை. "சந்தாவுக்காகத்தான் நான் போனேன் என்று நினைத்துவிட்டீர்களே தம்பி" என்று மட்டும் சொன்னார். அவருக்கு வேலை போன வருத்தம் என்று எண்ணிக்கொண்டோம்.

ஐந்து மாதம் கழித்து, ஓரறை வாடகை வீட்டில் தனியாக இருந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர் மௌத்தானார். சரபத் கடைகளில் வேலை பார்த்து ஓய்ந்தவர். மணமாகாதவர். அவர் இறந்தது இரண்டு நாள் கழித்துத்தான் அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்தது. அந்த இரண்டு நாட்களுக்குள் ஒரு ஞாயிறு வந்தது. அது மாதத்தின் முதல் ஞாயிறு. நானா வழக்கமாக அவர் வீட்டுக்குப் போகிற நாள்.

மருத்துவப் பரிசோதனை முடிந்து மையத்து எங்கள் கைக்கு வந்தபோது நானாவும் வந்தார். எங்களுக்குக் குளிப்பாட்டத் தெரியாது, பார்த்ததோடு சரி. "வாருங்கள்" என்று கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்தார். "உயிரோடு இருப்பவருக்குப் பொறுக்கும் சூட்டில் தண்ணீர் இருக்கட்டும். மெதுவாக ஊற்று. வலிக்கும் என்று நினைத்துக்கொண்டு ஊற்று." வேறொன்றும் பேசவில்லை. எங்களைக் கடிந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் மனம் லேசாகியிருக்கும். அவர் சொல்லவில்லை.

அன்றிரவு மூன்றாவது நோட்டில் அவர் எழுதியதை, அவர் போன பிறகுதான் படித்தோம். பெயர், ஊர், கபர் எண் எல்லாம் வழக்கம்போல. சாமான்கள் கட்டத்துக்குக் கீழே ஒரு வரி: "சங்கத்தார் கடைசியாகப் போய்ப் பார்த்தது, ஐந்து மாதத்துக்கு முன்." யார் மீதும் குற்றம் சாட்டவில்லை. கணக்குக்காரர் கணக்கை எழுதியிருக்கிறார். அந்தப் பதிவின் அடியில் சிவப்புக் கோடு இல்லை. ஊரில் ஒரு தங்கை உண்டு என்று அவர் நானாவிடம் சொல்லியிருந்தார். அந்த முகவரியில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.

அடுத்த முதல் ஞாயிறு நானா மறுபடியும் துணிப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ரசீதுப் புத்தகம் இல்லை, மிட்டாய் மட்டும். தீர்மானம் சந்தா வசூலுக்குத்தான், பார்க்கப் போவதற்கு இல்லையே என்றார். முதல் மாதம் எங்களில் ஒருவர் காரில் கூட்டிப்போனோம். இரண்டாம் மாதம் இருவர். கதவு திறந்ததும் அவர் எங்கே பார்க்கிறார் என்று கவனித்தோம். அடுப்படியைப் பார்ப்பார், மருந்துப் பொட்டலத்தில் எத்தனை மாத்திரை மிச்சம் என்று பார்ப்பார், நாள்காட்டியில் தாள் கிழிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். எக்செலில் இவற்றுக்குக் கட்டமில்லை.

கடைசிப் பதிவு

நானா சுகவீனமாகப் படுத்தது மூன்று வாரம்தான். மருத்துவமனையில் பார்க்கப் போனபோதும் இன்னார் வீட்டுக்குப் போனீர்களா என்றுதான் கேட்டார். ஒரு வெள்ளிக்கிழமை சுபுஹுக்குப் பின் வஃபாத்தானார். நாங்கள் நால்வரும் அவருடைய மருமகனுமாகக் குளிப்பாட்டினோம். தண்ணீரின் சூட்டை இரண்டு முறை பார்த்தோம். ஜும்ஆவுக்குப் பிறகு ஜனாஸா தொழுது சுவா சூ காங்கில் நல்லடக்கம் செய்தோம். பதினைந்து ஆண்டுகளில் அந்த மண்ணும் வேறொருவருக்குப் போகும் என்பது எங்களுக்குத் தெரியும். அதை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

அவருடைய பதிவை நாங்கள் எழுதினோம். சாமான்கள் கட்டத்தில் அவர் துணைவியார் சொன்னபடி எழுதினோம்: துணிப்பை ஒன்று, நோட்டு மூன்று, சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டன. பெற்றுக்கொண்டோம் என்று நால்வரும் கையெழுத்திட்டோம். அதன் பிறகே கோடு போட்டோம்.

இப்போது நடப்பதையும் நம் குடும்பங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். சந்தா பேநவ் வழியாகவே வருகிறது. ஆனால் முதல் ஞாயிறுப் பயணம் மறுபடி நடக்கிறது. தனியாக வாழும் மூத்த உறுப்பினர்கள் பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள். நாங்கள் நான்கு பேர் கடையைப் பூட்டிவிட்டுப் போனால் ஒரு நாளில் எட்டு வீடுகளுக்கு மேல் முடியவில்லை. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளையும் ஓய்வுபெற்ற தம்பதியரையும் அழைக்கிறோம். கார் இருக்க வேண்டும் என்பதில்லை, நானாவுக்கு இருந்ததில்லை. அரை மணி நேரம் உட்காரும் பொறுமை இருந்தால் போதும்.

இன்னொன்று. மூன்று நோட்டுகளையும் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டோம். சிவப்புக் கோடு விழாத பதிவுகள் ஏழு இருக்கின்றன. ஏழு பேரின் வீட்டாருக்கு இன்னும் செய்தியோ சாமானோ போய்ச் சேரவில்லை. பெயர்களும் ஊர்களும் சங்க அலுவலகத்தில் எழுதி வைக்கப்பட்டுள்ளன. அடுத்த முறை ஊருக்குப் போகிறவர்கள் தயவுசெய்து அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். உங்கள் தெருவாக இருக்கலாம், உங்கள் உம்மா வழி உறவாகவும் இருக்கலாம். சரபத் கடைப் பெரியவரின் தங்கை எங்கேனும் இருந்தால், அவருடைய கைக்கடிகாரமும் தொழுகை விரிப்பும் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன என்று சொல்லுங்கள்.

நம் நானாவுக்கும், அவர் நோட்டில் இடம்பெற்ற அனைவருக்கும் வல்ல அல்லாஹ் மஃபிரத் அருள்வானாக, அவர்களுடைய கபர்களை விசாலமாக்கி வைப்பானாக. ஆமீன்.